தட்டைத் திருப்பிப் பாருங்கள்: விக்டோரியா காலத்து ஏற்றுமதிப் பீங்கானை அடையாளம் காணும் முழு வழிகாட்டி

பழைய சாமான் கடையில் ஒரு பீங்கான் தட்டு கையில் கிடைத்தால் நாம் முதலில் பார்ப்பது அதன் முகத்தைத்தான். நீலத்தில் ஒரு கோபுரம், இரண்டு பறவை, ஓரமெல்லாம் பூ வேலை. "நூறு வருஷத்துக்கு முந்தினது சார்" என்கிறார் கடைக்காரர். பேரம் தொடங்கிவிடுகிறது. இந்தத் தட்டுகளோடு சில காலம் பழகியவர்கள் அப்படிச் செய்ய மாட்டார்கள். கைக்கு வந்ததும் கவிழ்த்துவிடுவார்கள். முகத்திலிருக்கும் படத்தை யார் வேண்டுமானாலும் காப்பியடிக்கலாம். வில்லோ மரச் சித்திரத்தை இருநூறு வருடமாக அப்படித்தான் அடித்துக்கொண்டிருக்கிறார்கள். முதுகு அவ்வளவு சுலபமாகப் பொய் சொல்லாது.

தொடங்கும் முன் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். முதுகிலுள்ள தடயம் எதுவும் "இந்த வருடம் செய்தது" என்று சொல்வதில்லை. "இந்த வருடத்துக்கு முன்னால் செய்திருக்க முடியாது" என்று மட்டும்தான் சொல்லும். இதைப் பிடித்துக்கொண்டால் பாதித் தவறுகள் நடக்காது. மீதிப் பாதியை நான் ஏற்கெனவே செய்து வைத்திருக்கிறேன், அவையும் இதில் வரும்.

எந்தத் தட்டுகளைப் பற்றிப் பேசுகிறோம்

விக்டோரியா ராணி ஆண்டது 1837 முதல் 1901 வரை. அந்தக் காலத்தில் உலகம் முழுக்கப் போன சாப்பாட்டுப் பீங்கானில் பெரும்பங்கு இங்கிலாந்தின் ஸ்டாஃபோர்ட்ஷயர் மாவட்டத்தில் செய்தது. டன்ஸ்டால், பர்ஸ்லெம், ஹேன்லி, ஸ்டோக், ஃபென்டன், லாங்டன் என்று ஒட்டினாற்போல ஆறு ஊர்கள். காலடியிலேயே நிலக்கரி. வெள்ளைக் களிமண் மட்டும் கார்ன்வாலிலிருந்தும் டார்செட்டிலிருந்தும் கப்பலில் வந்து, 1777-இல் வெட்டி முடித்த டிரென்ட் – மெர்சி கால்வாய் வழியாகப் படகில் உள்ளே வரும். சுட்ட தட்டுகள் அதே கால்வாயில் திரும்பி லிவர்பூல் துறைமுகத்துக்குப் போகும். அங்கிருந்து நியூயார்க், பாஸ்டன், மெல்பர்ன், கல்கத்தா, சிங்கப்பூர். எல்லாரிலும் பெரிய வாடிக்கையாளர் அமெரிக்கா. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரப் பட்டறைகளுக்கும் இந்த ஏற்றுமதியில் நல்ல பங்கு உண்டு.

கழி பின்னிய கூடைப்பெட்டியில் வைக்கோல் திணித்து அடுக்குவார்கள். அந்தக் காலத்துப் பொதி எவ்வளவு கெட்டி என்பதற்கு 'லாக் ஆர்ட்' கப்பலைச் சொல்லலாம். 1878 ஜூன் 1 அன்று ஆஸ்திரேலியாவின் விக்டோரியா கரையோரம் பாறையில் மோதி மூழ்கியது. கப்பலிலிருந்த 54 பேரில் பிழைத்தவர்கள் இருவர் மட்டும். ஆனால் மின்டன் பட்டறை செய்து அனுப்பிய ஆளுயரப் பீங்கான் மயில் ஒன்று பெட்டிக்குள் இருந்தபடியே கரை சேர்ந்தது. இப்போது வார்னம்பூல் ஊர் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. அது சாப்பாட்டுத் தட்டு இல்லைதான், ஆனால் அதைப் பொதிந்த கைகள் தட்டுகளையும் பொதிந்த கைகளே.

படி 1: கையில் என்னென்ன வேண்டும்

பத்து மடங்கு பெரிதாக்கும் லூப் கண்ணாடி ஒன்று. நகைக்கடைக்காரர்கள் கண்ணில் வைத்துப் பார்ப்பது. டார்ச், அளவு நாடா, மென்மையான பழைய பல் துலக்கும் பிரஷ், ஒரு நோட்டு. அவ்வளவுதான்.

படி 2: வெளிச்சம், சத்தம், கனம்

தமிழில் எல்லாமே பீங்கான்தான். இலங்கையில் சாப்பிடும் தட்டையே பீங்கான் என்பார்கள், மலாயிலும் தட்டுக்குப் 'பிங்கான்' என்றுதான் பெயர். இங்கே மூன்று வகையைப் பிரித்துக்கொள்ள வேண்டும்.

தட்டின் பின்னால் டார்ச்சைப் பிடித்து, விரலைக் குறுக்கே வையுங்கள். விரல் நிழல் முன்பக்கம் தெரிந்தால் அது போர்சலின் அல்லது போன் சைனா. தெரியாவிட்டால் மண்பீங்கான். ஏற்றுமதித் தட்டுகளில் மிகப் பெரும்பாலானவை இந்த மண்பீங்கான் வகை. அதிலேயே கெட்டியான, கனமான உறவுக்காரர் அயர்ன்ஸ்டோன். சார்ல்ஸ் ஜேம்ஸ் மேசன் 1813-இல் இதற்குக் காப்புரிமை வாங்கினார், பிறகு எல்லோரும் செய்தார்கள். ஸ்டோன் சைனா, கிரானைட், ஓபேக் சைனா, செமி போர்சலின் என்று முத்திரையில் என்ன எழுதியிருந்தாலும் மயங்க வேண்டாம். அநேகமாக எல்லாமே மண்பீங்கானை உயர்த்திக் காட்டுவதற்காகப் பட்டறைக்காரர்கள் வைத்துக்கொண்ட விற்பனைப் பெயர்கள்.

அடுத்து, சந்தையில் மண்பானை வாங்கும்போது செய்வதுதான். தட்டை மூன்று விரல் நுனியில் தாங்கி, நகத்தால் ஓரத்தைச் சுண்டுங்கள். அயர்ன்ஸ்டோன் மணி போல் ஒலிக்கும். மண்பீங்கானின் ஒலி அதைவிடத் தணிவு, ஆனாலும் ஒலி இருக்கும். "தொப்" என்று செத்த சத்தம் வந்தால் எங்கோ கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கிறது. பேரத்தில் இந்த ஒரு சுண்டல் பல நூறு ரூபாயைக் குறைத்துக் கொடுக்கும்.

பிறகு அடிவளையத்தின் மூலையைப் பாருங்கள். மெருகு, அதாவது தட்டின் மேல் சுட்டு ஏற்றிய கண்ணாடிப் பூச்சு, அங்கேதான் தேங்கும். தேங்கிய இடம் லேசாக நீலம் பாரித்திருந்தால் அது பேர்ல்வேர் எனும் பழைய வகை, பெரும்பாலும் விக்டோரியாவுக்கு முந்தியது அல்லது அவர் ஆட்சியின் தொடக்கம். நிறமில்லாமல் இருந்தால் பிற்காலம்.

படி 3: படம் எப்படி வந்தது

இங்கே கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். எனக்கு மிகப் பிடித்த கட்டமும் இதுதான்.

நீலத் தட்டுகளில் பெரும்பாலானவை கையால் வரைந்தவை அல்ல, காகிதத்தால் அச்சிட்டவை. செப்புத் தகட்டில் படத்தைச் செதுக்கி, சூடான தகட்டில் எண்ணெய் கலந்த கோபால்ட் மையைத் தேய்த்து, மேல்மையை வழித்து எடுத்துவிட்டு, சோப்புத் தண்ணீர் பூசிய மெல்லிய காகிதத்தில் அச்செடுப்பார்கள். சிறுமிகள் கத்தரிக்கோலால் அதைத் துண்டுகளாக வெட்டுவார்கள். நடுப்படம் தனி, ஓரப்பட்டை தனி. பெண்கள் அந்த ஈரக் காகிதத்தை ஒருமுறை சுட்ட, மெருகேறாத தட்டின் மேல் ஒட்டி, கெட்டியான பிரஷ்ஷால் அழுத்தித் தேய்ப்பார்கள். தட்டு மையைக் குடித்துக்கொள்ளும். காகிதத்தைத் தண்ணீரில் கழுவி எடுத்துவிட்டு, எண்ணெய் போக ஒரு சூடு, மெருகில் முக்கி இன்னொரு சூடு. படம் மெருகுக்கு அடியில் போய்விடும். அதனால்தான் நூற்றைம்பது வருடம் கழுவியும் அழியவில்லை.

இப்போது ஓரப்பட்டையை விரலால் தொடர்ந்து ஒரு சுற்று வாருங்கள். எங்கோ ஓரிடத்தில் கொடி சட்டென்று அறுந்து, பாதிப் பூவோடு வேறொரு பூ வந்து முட்டும். காகிதத்தின் இரண்டு முனைகளும் சந்தித்த இடம் அது. அவசரத்தில் கத்தரித்திருந்தால் ஒரு இலை இரண்டு முறை வந்திருக்கும், அல்லது அரை விரல் அகலத்துக்கு வெறும் வெள்ளை. சில தட்டுகளில் காகிதம் சுருங்கிய மடிப்பு, மெல்லிய வெள்ளைக் கோடாக அப்படியே நிற்கும். புதிதாக வாங்குபவர்கள் இதைக் குறை என்று நினைத்து வைத்துவிட்டுப் போவார்கள். எனக்கு அதைப் பார்த்தால்தான் மனசு நிறையும். துண்டு வேலைக் கூலிக்கு நாள் முழுக்க நின்று ஒட்டிய ஒரு பெண்ணின் கை நழுவிய இடம் அது. பீங்கான் பட்டறைகளில் பிள்ளைகள் வேலை செய்யும் நேரத்தைக் கட்டுப்படுத்தும் சட்டமே 1864-இல்தான் வந்தது.

பர்ஸ்லெமில் 1880களின் இறுதியில் கட்டிய மிடில்போர்ட் பட்டறையில் இன்றும் காகிதம் ஒட்டித்தான் அச்சிடுகிறார்கள் என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். ஆக, மூட்டு தெரிந்தால் மட்டும் பழசு என்று ஆகிவிடாது.

லூப்பில் பார்த்தால் செப்புத் தகட்டு அச்சில் கோடுகளும் சிறு குத்துப் புள்ளிகளும் கையால் செதுக்கிய ஒழுங்கின்மையோடு தெரியும். செய்தித்தாள் படத்தைப் போல ஒரே சீரான புள்ளி வலை தெரிந்தால், அது கல்லச்சில் எடுத்து ஒட்டிய படம். 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் வரத் தொடங்கி, 20-ஆம் நூற்றாண்டில்தான் எங்கும் பரவியது.

அச்சிட்ட நீலம் கோட்டைத் தாண்டி மசமசவென்று கசிந்து, வெள்ளையெல்லாம் லேசாக நீலம் பூத்திருந்தால் அது ஃப்ளோ புளூ. சூளையில் தட்டு வைக்கும் மண்பெட்டிக்குள் குளோரின் ஆவி விடும் பொடியைக் கிண்ணத்தில் வைத்துச் சுடுவார்கள். அந்த ஆவி பட்டு கோபால்ட் மெருகுக்குள் இளகி ஓடும். அமெரிக்கர்கள் இதற்கு உயிரை விட்டார்கள். கசிவு அதிகமானால் என்ன படம் என்றே தெரியாது. எனக்கு இந்த வகை அவ்வளவாகப் பிடிக்காது, மழையில் நனைந்த நோட்டுப் புத்தகம் மாதிரி இருக்கும். ஆனால் விலை என்னைக் கேட்டு ஏறுவதில்லை. இதே காலத்தில் கறுப்பும் ஊதாவும் கலந்த மல்பெரி நிறமும் அமெரிக்காவுக்கு ஏராளமாகப் போனது.

கடைசியாக ஏழைகளின் தட்டு. பள்ளியில் வெண்டைக்காயைக் குறுக்கே நறுக்கிச் சாயத்தில் தோய்த்துக் காகிதத்தில் பூப்பூவாகக் குத்தியிருப்போம் அல்லவா? அதே வேலைதான். கடற்பஞ்சின் கெட்டியான அடிப்பகுதியைப் பூ, நட்சத்திரம், இலை என்று செதுக்கி, சாயத்தில் தோய்த்துத் தட்டைச் சுற்றிக் குத்துவார்கள். ஸ்காட்லாந்துப் பட்டறைகளில் வளர்ந்த முறை இது. செலவு குறைவு, நிறம் பளிச். அதனால் ஆப்பிரிக்கக் கரையிலிருந்து தென்கிழக்கு ஆசியா வரை போனது. ஒரே அச்சு கொஞ்சம் சாய்ந்தும், ஒன்றின் மேல் ஒன்று ஏறியும் விழுந்திருப்பதை வைத்துக் கண்டுபிடித்துவிடலாம்.

படி 4: கவிழ்த்த பிறகு முத்திரைக்கு முன்னால்

முத்திரையைத் தேடி ஓடாதீர்கள். முதலில் ஓரத்துக்கு அடியில் விரலை ஓட்டுங்கள். மூன்று இடத்தில் சிறு முள்போலத் தட்டுப்படும். சூளையில் தட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் இருக்கச் செருகிய சுடுமண் முக்காலியின் தழும்பு அது. பிறகு அடிவளையத்தின் தேய்மானம். நூறு வருடம் மேசையிலும் அலமாரியிலும் உரசிய தட்டில் கீறல்கள் எல்லாத் திசையிலும் ஓடும், அழுக்கு உள்ளே இறங்கியிருக்கும். ஒரே திசையில், புதுசாக வெளுத்த கீறல் என்றால் யாரோ மணல்தாளில் தேய்த்திருக்கிறார்கள்.

சில தட்டுகளில் ஒரு சின்ன நீலப் புள்ளி, கோடு, சிலுவை, எண் என்று ஏதாவது இருக்கும். ரகசியம் ஒன்றும் இல்லை. யார் செய்தது என்று கூலிக் கணக்குப் பார்க்க வேலையாட்கள் போட்டுக்கொண்ட அடையாளம்.

மண்ணிலேயே அழுத்திய குறியும் இருக்கலாம், மெருகு நிரம்பி மங்கியிருக்கும். டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால் நிழலில் எழும்பி வரும். டேவன்போர்ட் பட்டறை நங்கூரக் குறியின் இரண்டு பக்கமும் வருடத்தின் கடைசி இரண்டு இலக்கத்தை அழுத்தியது. நங்கூரத்துக்கு இடப்பக்கம் 4, வலப்பக்கம் 4 என்றால் 1844. இப்படி நேராகச் சொல்லிவிடும் தட்டுகள் அபூர்வம்.

படி 5: வைரக் குறியைப் படிப்பது

சில தட்டுகளின் முதுகில் சாய்சதுரமான ஒரு குறி இருக்கும். நடுவில் பதிவைக் குறிக்கும் இரண்டு எழுத்து, நான்கு மூலையிலும் எழுத்தோ எண்ணோ, உச்சியில் ஒரு சின்ன வட்டம். சேகரிப்பவர்கள் இதை வைரக் குறி என்பார்கள். 1842 முதல் 1883 வரை, ஒரு வடிவத்தையோ படத்தையோ அரசிடம் பதிவு செய்தால் இந்தக் குறி கிடைக்கும். வட்டத்துக்குள் ரோமன் எண்ணில் நான்கு இருந்தால் பீங்கான் வகை.

இதைப் படிக்கும் முறை இரண்டு. உச்சி வட்டத்துக்கு நேர் கீழே எழுத்து இருந்தால் 1842 – 1867. எண் இருந்தால் 1868 – 1883. இது ஒன்றுதான் சாவி.

முதல் காலத்தில்: மேலே வருடம், இடப்பக்கம் மாதம், வலப்பக்கம் தேதி, கீழே கட்டு எண் (அன்றைய பதிவுகளில் இது எது என்று காட்டும் எண்).
இரண்டாம் காலத்தில்: மேலே தேதி, வலப்பக்கம் வருடம், கீழே மாதம், இடப்பக்கம் கட்டு எண்.

வருட எழுத்துகளை அகர வரிசையில் வைக்காமல் வேண்டுமென்றே கலைத்துப் போட்டிருக்கிறார்கள். 1842-இலிருந்து வரிசையாக: எக்ஸ், ஹெச், சி, ஏ, ஐ, எஃப், யு, எஸ், வி, பிளேட்டுக்கு வரும் பி, டிஷ்ஷுக்கு வரும் டி, ஒய், ஜே, இ, எல், கே. இதோடு 1857 முடிகிறது. 1858-இலிருந்து: பௌலுக்கு வரும் பி, எம், இசட், ஆர், ஓ, ஜி, என், டபிள்யூ, கியூ, டீக்கு வரும் டி. இதில் 1867 வந்துவிடும்.

1868-இல் என்ன செய்தார்கள்? மறுபடி எக்ஸிலிருந்தே தொடங்கி, அதே வரிசையில் 1883-இன் கே வரை போனார்கள். ஆகவே இரண்டாவது பட்டியலை மனப்பாடம் செய்ய வேண்டாம். முதல் பட்டியலில் வந்த வருடத்தோடு 26-ஐக் கூட்டினால் போதும்.

மாதங்கள், ஜனவரி முதல்: சி, ஜி, டபிள்யூ, ஹெச், இ, எம், ஐ, ஆர், டிஷ்ஷுக்கு வரும் டி, பௌலுக்கு வரும் பி, கே, ஏ.

போட்டுப் பார்ப்போம். மேலே எஸ், இடப்பக்கம் ஹெச், வலப்பக்கம் 16 என்று இருந்தால் 1849 ஏப்ரல் 16. அதே மூன்றும் இடம் மாறி, மேலே 16, வலப்பக்கம் எஸ், கீழே ஹெச் என்று இருந்தால் 1875 ஏப்ரல் 16. எழுத்துகள் அதே, ஆனால் 26 வருட வித்தியாசம். ஆரம்பத்தில் நான் இந்த இடம் மாற்றத்தைக் கவனிக்காமல், 1870களின் ஒரு குழித்தட்டை 1840கள் என்று நண்பர்களிடமெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டேன். ஒருவர் லூப்பை வாங்கிப் பார்த்துவிட்டு, உச்சியில் இருப்பது எண் என்று மெதுவாகச் சொன்னார். அன்றைக்குக் காபி என் செலவு.

இந்தத் தேதி படத்தையோ வடிவத்தையோ பதிவு செய்த நாள், தட்டைச் சுட்ட நாள் அல்ல. பீங்கானுக்கு அந்தப் பாதுகாப்பு 3 வருடம்தான். ஆனால் நன்றாக விற்ற சித்திரத்தைப் பத்துப் பதினைந்து வருடம் கழித்தும் அதே குறியோடு அச்சிட்டிருக்கிறார்கள். அதனால்தான் "இதற்கு முன்னால் இல்லை" என்று மட்டும் எழுதிக்கொள்ள வேண்டும். தேதியும் கட்டு எண்ணும் கிடைத்தால், லண்டன் கியூவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தின் பதிவேடுகளில் யார் பதிந்தது என்று தேடலாம்.

1884 ஜனவரியிலிருந்து வைரம் போய்விட்டது. பதிவு எண் மட்டும்தான், 1-இலிருந்து தொடங்கியது. 1900 பிறந்தபோது அது மூன்றரை லட்சத்தைத் தாண்டியிருந்தது. எண் அதற்குக் கீழே இருந்தால் விக்டோரியா காலத்துப் பதிவு என்று தைரியமாகச் சொல்லலாம்.

படி 6: முத்திரையின் சொற்கள்

'இங்கிலாந்து' என்ற ஒற்றைச் சொல்தான் மிகப் பயனுள்ள தடயம். அதை எழுத வைத்தது இங்கிலாந்து அல்ல, அமெரிக்கா. 1890-இன் மெக்கின்லி சுங்கச் சட்டப்படி, 1891-இலிருந்து அமெரிக்காவுக்குள் வரும் சரக்கில் எந்த நாட்டில் செய்தது என்று இருக்க வேண்டும். ஆகவே அந்தச் சொல் இருந்தால் பெரும்பாலும் 1891-க்குப் பிறகு. 'மேட் இன் இங்கிலாந்து' என்று முழுசாக இருந்தால் அநேகமாக 20-ஆம் நூற்றாண்டு. சொல் இல்லாததாலேயே பழசு என்று முடிவு கட்டாதீர்கள். அமெரிக்காவுக்குப் போகாத சரக்கில் அது இல்லாமலும் போகலாம்.

'டிரேட் மார்க்' என்றிருந்தால் 1862-க்குப் பிறகு. 'லிமிடெட்' என்றிருந்தால் பெரும்பாலும் 1880-க்குப் பிறகு. சிங்கமும் ஒற்றைக்கொம்புக் குதிரையும் தாங்கும் அரச சின்னம் இருந்தால், நடுக் கேடயத்தைப் பாருங்கள். நான்கு கட்டங்களின் நடுவே இன்னொரு குட்டிக் கேடயம் இருந்தால் 1837-க்கு முந்தியது. அந்தக் குட்டிக் கேடயம் ஜெர்மனியின் ஹனோவர் ராஜ்ஜியத்துக்கானது. அங்கே பெண்ணுக்கு முடியுரிமை கிடையாது என்பதால் விக்டோரியாவோடு அது கழன்றுவிட்டது.

பெயர்களில் ஒரு கண்ணி உண்டு. 'வெட்ஜ்வுட் அண்டு கோ' என்று பார்த்ததும் துள்ளாதீர்கள். இது டன்ஸ்டாலில் ஈனக் வெட்ஜ்வுட் நடத்திய வேறு பட்டறை. புகழ்பெற்ற ஜோசையா வெட்ஜ்வுட் குடும்பப் பட்டறை விக்டோரியா காலத்தில் 'அண்டு கோ' போட்டதில்லை. சித்திரத்தின் பெயரை வைத்தும் செய்தவரைச் சொல்ல முடியாது. 'ஏஷியாட்டிக் ஃபெசன்ட்ஸ்' என்ற வெளிர்நீலப் பறவைச் சித்திரத்தைப் பல பட்டறைகள் போட்டிபோட்டு அடித்தன.

படி 7: எந்த ஊருக்குப் போன தட்டு

சில தட்டுகளில் வாங்கி விற்ற வெளியூர் வியாபாரியின் பெயரும் ஊரும் அச்சிட்டிருக்கும். அது இருந்தால் வேலை முடிந்தது. இல்லாவிட்டால் வடிவமும் சித்திரமும் பேச வேண்டும்.

அமெரிக்கச் சரக்கில் எனக்குப் பிடித்தது கோப்பைத் தட்டு. மூன்று நான்கு அங்குலம்தான் இருக்கும், பொம்மைச் சாமான் என்று நினைத்துக்கொள்வார்கள். அந்நாள் அமெரிக்கர்கள் பலர் தேநீரைக் குழிந்த சாசரில் ஊற்றி ஆற்றிக் குடித்தார்கள். நாம் டவராவில் காபி ஆற்றுகிற கதைதான். சாசர் கையில் இருக்கும்போது, ஈரக் கோப்பையை எங்கே வைப்பது? மேசைத்துணி கறையாகாமல் இருக்க அதற்கென்று ஒரு குட்டித் தட்டு. கைப்பிடி இல்லாத கோப்பை, ஆழமான சாசர், இந்தக் குட்டித் தட்டு மூன்றும் சேர்ந்து வந்தால் அது அட்லாண்டிக்கைக் கடந்த சரக்கு என்று நம்பலாம்.

அமெரிக்கக் கிராமத்து வீடுகளுக்குப் போனதில் இன்னொரு பெரும்பங்கு, படமே இல்லாத வெள்ளை அயர்ன்ஸ்டோன். கோதுமைக் கதிர் போன்ற புடைப்பு வேலை மட்டும் இருக்கும். பிறகு அதன் மேல் செம்பு மினுக்கத்தில் ஒரு தேயிலைக் கொத்து வரைந்தார்கள், அதுவும் நன்றாக ஓடியது. பர்ஸ்லெமின் ஆன்டனி ஷா அதில் பேர்பெற்றவர். 1861-இல் உள்நாட்டுப் போர் மூண்டபோது இந்த வியாபாரம் பலமாக அடி வாங்கியது. அமெரிக்காவை மட்டும் நம்பியிருந்த பட்டறைகள் திண்டாடின.

நமக்குக் கிட்டத்தில் வந்தது கிளாஸ்கோவின் பெல் பட்டறைச் சரக்கு. ஜான், மேத்யூ பெர்ஸ்டன் பெல் எனும் சகோதரர்கள் 1840களின் தொடக்கத்தில் தொடங்கியது. முத்திரையில் மணி இருக்கும், பெயருக்கு ஏற்ற படம். 19-ஆம் நூற்றாண்டின் பின்பாதியில் இவர்கள் ஜாவா, சுமத்ரா, மலாயா பக்கத்துச் சந்தைக்கென்றே சித்திரங்கள் செய்தார்கள். ஒரே நீலத்தில் அல்ல, சிவப்பும் பச்சையுமாக, சிவப்பும் நீலமுமாக இரண்டு நிறத்தில். பெயர்களும் அந்த ஊர்ப் பேச்சிலேயே. 'புவா புவா' என்றால் பழங்கள். 'பூருங் குப்பு' பறவையும் பட்டாம்பூச்சியும். 'கப்பால் பாசார்' என்று ஒன்று, பாய்மரக் கப்பல் படம். பெரிய கப்பல் என்று பொருள். அந்தக் 'கப்பால்' நம் கப்பல்தான், தமிழிலிருந்து மலாய்க்குப் போன சொல். கிளாஸ்கோவில் ஒரு ஸ்காட்லாந்துக்காரர் செப்புத் தகட்டில் செதுக்கிய சொல் தமிழ்ச்சொல் என்று அவருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பே இல்லை.

இதே சந்தையில் மோதியவர்கள் டச்சுக்காரர்கள். மாஸ்ட்ரிக்ட் நகரத்தில் பெட்ரஸ் ரெகூ தொடங்கிய பட்டறையின் தட்டுகளில் ஸ்பிங்க்ஸ் எனும் பெண்முகச் சிங்கம் முத்திரையாக இருக்கும். சித்திரம் இங்கிலாந்து மாதிரி, தரமும் நன்றாக இருக்கும், ஆனால் விக்டோரியாவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெரு மாதிரிப் பழம்பொருள் சந்தைகளில் கை வைக்கும்போது இதை நினைவில் வையுங்கள். ஊர் பெயர் மாஸ்ட்ரிக்ட் என்று முதுகிலேயே எழுதியிருக்க, முகத்தை மட்டும் பார்த்து "இங்கிலீஷ் தட்டு" என்று விலை கொடுப்பவர்கள் நிறைய.

படி 8: போலியைப் பிடிப்பது

ஃப்ளோ புளூவுக்கு விலை ஏறியதும் 20-ஆம் நூற்றாண்டில் நகல்கள் வந்தன. 'விக்டோரியா வேர் அயர்ன்ஸ்டோன்' என்று அரச சின்னத்தோடு பெரிய முத்திரை போட்டவை அந்த ரகம். விக்டோரியா காலத்துப் பட்டறைக்காரர் தன் தட்டில் 'விக்டோரியா காலத்தது' என்று ஏன் சொல்லிக்கொள்ளப் போகிறார்? செய்தவர் பெயர் இல்லாமல் ஆடம்பரம் மட்டும் இருக்கும் முத்திரை, மூட்டே தெரியாத ஓரப்பட்டை, முக்காலித் தழும்பு இல்லாத முதுகு, எல்லா இடத்திலும் ஒரே அளவில் கசிந்த நீலம் – இவற்றில் மூன்று சேர்ந்தால் காசைப் பையில் வைத்துக்கொண்டு நடையைக் கட்டுங்கள்.

மெருகில் வலைபோல மயிரிழை விரிசல் இருப்பது வயதுக்குச் சாட்சி அல்ல. அதைத் தேநீரில் ஊறவைத்துப் பழுப்பாக்குவதும் எளிது. ஒட்டுப்போட்டு வண்ணம் பூசிய தட்டை இருட்டில் புற ஊதா டார்ச் அடித்தால், பூசிய இடம் வேறு நிறத்தில் திட்டாகத் தெரியும்.

படி 9: வீட்டுக்குக் கொண்டு வந்த பிறகு

வெதுவெதுப்பான தண்ணீர், சில சொட்டு பாத்திரத் திரவம், அடியில் ஒரு துண்டு விரித்த பிளாஸ்டிக் தொட்டி. அதற்கு மேல் எதுவும் வேண்டாம். பழுப்புக் கறை போக வேண்டும் என்று நான் ஒரு நல்ல தட்டைக் குளோரின் பிளீச் கலந்த தண்ணீரில் இரண்டு நாள் போட்டு வைத்தேன். பளிச்சென்று வெளுத்தது. ஆறு மாதம் கழித்து ஓரத்தில் மெருகு செதில் செதிலாக உதிர ஆரம்பித்தது. விரிசல் வழியே மண்ணுக்குள் இறங்கிய உப்பு, காய்ந்து படிகமாகி உள்ளிருந்து தள்ளியிருக்கிறது. அந்தத் தட்டை இன்னும் வைத்திருக்கிறேன், யாராவது பிளீச் என்று வாயெடுத்தால் காட்டுவதற்கு.

அதில் சாப்பிடலாமா என்று கட்டாயம் யாராவது கேட்பார்கள். வேண்டாம். அந்தக் காலத்து மெருகில் ஈயம் உண்டு. முக்கி எடுத்த தொழிலாளர்களே ஈய நஞ்சேறிச் செத்திருக்கிறார்கள். புளிப்பு பட்டால் ஈயம் கரைந்து வரும். நம் சாப்பாட்டில் புளிப்பு இல்லாதது எது? புளிக்குழம்பு, ரசம், தயிர், எலுமிச்சை ஊறுகாய், எல்லாமே அந்தத் தட்டுக்கு ஆகாதவை. மைக்ரோவேவிலும் வைக்காதீர்கள்.

சுவரில் மாட்டுவதென்றால் ஓரத்தை இறுக்கும் ஸ்பிரிங் கம்பி வேண்டாம், அது மெருகைச் சிதைக்கும். நிறுத்தி வைக்கும் மரத்தாங்கி நல்லது. அடுக்கி வைத்தால் இரண்டு தட்டுக்கு நடுவே பழைய பருத்தித்துணி ஒரு துண்டு. செய்தித்தாள் போடாதீர்கள், ஈரக்காற்றில் மை ஒட்டிக்கொள்ளும்.

நோட்டில் ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு பக்கம்: குறுக்களவு, கனம், முகப் படம், முதுகுப் படம், சாய்ந்த வெளிச்சத்தில் முத்திரைப் படம், எங்கே எவ்வளவுக்கு வாங்கியது. தேதி என்ற இடத்தில் ஒரே வருடத்தை எழுதாமல் "1875-க்கு முன் இல்லை, இங்கிலாந்து என்ற சொல் இல்லாததால் அநேகமாக 1891-க்கு முன்" என்கிற மாதிரி எழுதுங்கள். பென்சிலில் எழுதினால் இன்னும் நல்லது.